சுடாத துப்பாக்கியின் விலை

எழுபத்தைந்து வயதில், கணவனின் முகம் இடிந்து போவதைக் கண்ணாரப் பார்ப்பதற்காக, லவோன் ஈஸ்டருக்கு மட்டும் எடுக்கும் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். காதில் முத்துத் தோடு. உதட்டில் லேசாகச் சாயம். கைப்பைக்குள், கைக்குட்டைக்கு அடியில், சுட்டு முடித்த ஒரு தோட்டாவின் பித்தளைக் கூடு. முப்பத்தெட்டு வருடமாகப் பொத்தான் டப்பாவில் பொத்தானோடு பொத்தானாகக் கிடந்த அதை நேற்றுத்தான் எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டிருந்தாள்.

"விக்கப் போறது துப்பாக்கியையா, உன்னையா? இவ்வளவு ஜோடனை எதுக்கு?" என்றார் டெல்மர்.

"நல்ல நாளுங்க. நாலு பேர் வர்ற இடம்" என்றாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுக்கு அது நல்ல நாள்தான்.

அந்தத் துப்பாக்கியைச் சொல்லாமல் க்ரோக் குடும்பத்தைச் சொல்ல முடியாது. டெக்சாஸிலிருந்து வயோமிங்குக்கு மாடு ஓட்டி வந்த ஒரு பாதைக்கு நூறு வருடம் ஆயிற்று என்று 1977இல் ஒரு கம்பெனி நினைவு ரைபிள் போட்டது. லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் பழைய ரகம்தான்; இந்தப் பக்கத்தில் வண்டிக்கு ஒன்று கிடக்கும். ஆனால் இதற்குக் கண்ணாடிபோல் கருநீல மெருகு, லீவருக்குத் தங்க முலாம், பக்கவாட்டில் கொம்பு நீண்ட மாடுகளின் சித்திரம். நினைவுத் துப்பாக்கிகளுக்கு ஒரு விதி உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைவிட அதற்குத்தான் பயபக்தி அதிகம். அதைச் சுடக் கூடாது. ஒரு தடவை சுட்டுவிட்டால் அது வெறும் துப்பாக்கி. சுடாமல், அட்டைப் பெட்டி கசங்காமல், விலைச்சீட்டும் சின்னப் புத்தகமும் தொலையாமல் இருந்தால்தான் சொத்து. சுடுவதற்கென்றே செய்த பொருளைச் சுடாமல் வைத்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நம்பியவர்களில் டெல்மரும் ஒருவர். லவோனுக்கு வாஷிங் மெஷின் வாங்க வைத்திருந்த கன்றுக்குட்டிப் பணத்தில் அதை வாங்கி வந்தார். அவள் அதற்குப் பிறகு ஆறு குளிர்காலம் கையால் துவைத்தாள்.

"ஒருநாள் பத்தாயிரத்துக்குப் போகும் பாரு" என்று டவுன் காபிக் கடையில் நாற்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பணத்தில் தனக்கு ஒரு கருங்கல் கல்லறை வைத்து, அதிலும் இதே மாடுகளைச் செதுக்கச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. எண்பத்தொரு வயதாகிவிட்டது, கல் சொல்லிவைக்கிற காலம்தான்.

வண்டியை மகள் டார்லா ஓட்டினாள். டெல்மருக்கு நட்ட நடுப் பார்வை போய்விட்டதால் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். லவோன் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. கற்றுக்கொடுக்க அவர் விடவில்லை. துப்பாக்கிச் சந்தைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன பக்கத்துப் பண்ணைக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள, பில்லிங்ஸிலிருந்து டார்லா வரவேண்டியதாயிற்று. ஐம்பத்திரண்டு வயது. வருடத்துக்கு இரண்டு தடவை வருவாள். கோட்டைக் கழற்றாமலே காபி குடித்துவிட்டுப் போவாள். அவள் வருவாள் என்று லவோன் கணக்குப் போட்டிருக்கவில்லை. கேள்விப்பட்டதும் முதலில் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். பிறகு, வரட்டுமே, அவளும் பார்க்கட்டும், அவளுக்காகவும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மனதைத் தேற்றிக்கொள்வதில் லவோன் கைதேர்ந்தவள்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டார்லாவின் இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லவோன் தொண்ணூறு மைலும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

1981, நவம்பர். டார்லாவுக்குப் பதினாலு வயது. ஜிஞ்சர் என்று ஒரு செம்பட்டைப் பெட்டைக் குதிரை. அவளே குட்டியிலிருந்து புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த மேய்ச்சல் நிலத்தில், பனி மூடியிருந்த வளைக்குள் காலை விட்டு முன்னங்காலை முறித்துக்கொண்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. குதிரைக்குக் கால் போனால் அதற்கு மேல் செய்ய ஒன்றுதான் உண்டு. நிலத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். டார்லா அழுதுகொண்டே ஓடிவந்து அதைத்தான் கேட்டாள்.

வீட்டில் தினப்படிக்கு இருந்த ரைபிள், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி உடைந்து டவுனில் ரிப்பேருக்குப் போயிருந்தது. டெலிபோன் கம்பி பனியில் அறுந்து கிடந்தது. சமையலறை இழுப்பறையில் தோட்டா ஒரு பெட்டி இருந்தது. நினைவு ரைபிளுக்கும் அதே தோட்டாதான்.

"அதத் தொடாத" என்றார் டெல்மர். "பக்கத்துப் பண்ணைக்கு ஆளனுப்பியிருக்கேன். அவன் துப்பாக்கியோட வருவான்."

"அப்பா, அது கத்துதுப்பா."

"கத்தட்டும். ஒரு குண்டு போட்டேன்னா பாதி விலை போச்சு. செத்துப்போற குதிரைக்கு எவனாவது பாதி விலை குடுப்பானா?"

பக்கத்துப் பண்ணைக்காரர் பனியில் வண்டி புதைந்து வந்து சேர நாலரை மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் டார்லா பனியில் உட்கார்ந்து ஜிஞ்சரின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். டெல்மர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். லவோன் சமையலறையில் நின்று இழுப்பறையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள், அவ்வளவுதான் செய்தாள்.

மூன்று வாரம் கழித்து, டெல்மர் மாட்டுச் சந்தைக்கும் டார்லா பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த ஒரு முற்பகலில், லவோன் ரைபிளை வைத்திருந்த மரப்பெட்டியைத் திறந்தாள். அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து ரைபிளை வெறுங்கையால் எடுத்தாள். ஒரே ஒரு தோட்டாவைத் திணித்தாள். பின்வாசலில் நின்று எதிர்க் குன்றைப் பார்த்துச் சுட்டாள். தோளில் இடித்த இடி அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கல்யாணமான பதினேழு வருடத்தில் அன்று பட்ட சந்தோஷம் வேறு எதிலும் பட்டதில்லை. பத்தாயிரத்தை ஒரு விரலால் அழித்தாயிற்று. அது அவருக்குத் தெரியாது. தெரியாமலே அவர் அதைக் காத்துக்கொண்டிருப்பார். துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டுத் துடைத்துப் பழையபடி வைத்தாள். கூட்டைப் பொத்தான் டப்பாவில் போட்டாள்.

வசந்தத்தில் டெல்மர் எண்ணெய் போடுவதற்காக அதை எடுத்தபோது மாட்டுச் சித்திரத்துக்குக் கீழே பழுப்பாக ஒரு கறை. விரல் உப்பு பட்டு மெருகில் துரு ஏறியிருந்தது. சுட்டிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தொட்டதே அவருக்குக் கொலைக் குற்றம். டார்லாவைக் கூப்பிட்டார். தொடவில்லை என்றாள். மரப்பெட்டியின் விளிம்பில் அவள் கையை வைக்கச் சொல்லி மறுபடி கேட்டார். தொடவில்லை என்றாள். ஓக் மரத்து மூடி. மூன்றாவது தடவை மூடி இறங்கியபோது "தொட்டேன், நான்தான் தொட்டேன்" என்று அலறினாள்.

லவோன் அப்போது பத்தடி தள்ளிச் சமையலறைத் தொட்டியருகில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடித்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூடி இறங்கியிருக்காது. ஆனால் சொன்னால் அந்த ரகசியம் போய்விடும். அவளிடம் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான், அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இதற்கு இதைவிட நல்ல காரணம் எதுவும் கிடையாது. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

டார்லா பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனாள்.

கண்காட்சி மைதானத்துக் கூடத்தில் அக்டோபர் துப்பாக்கிச் சந்தை நிரம்பி வழிந்தது. மூலையில் தேவாலயத்துப் பெண்கள் காரமான பீன்ஸ் குழம்பும் பட்டைத்தூள் தூவிய ரொட்டிச் சுருளும் விற்றார்கள். துப்பாக்கி மதிப்பிடும் வெண்டலின் மேசையில் 'விலை பார்த்துச் சொல்லப்படும்' என்று ஒரு அட்டை. வெண்டல் எதையும் வாங்குவதில்லை, விற்பதில்லை. அதனால் அவனுக்குப் பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. இருந்திருந்தாலும் அந்த வாயில் சர்க்கரை ஒட்டியிருக்காது. டெல்மரின் காபிக் கடைக் கூட்டாளிகள் மூன்று பேர் இந்த நாளுக்காகவே வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"அந்தப் பத்தாயிரத்தக் கொண்டாந்துட்டியா டெல்மர்?" என்றார் ஒருவர்.

"கண்ணால பாத்துட்டுப் போங்கடா. உங்க பொண்டாட்டிங்க உங்கள வாங்க விட்டிருந்தா உங்ககிட்டயும் இருந்திருக்கும்."

டெல்மர் ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு பெட்டியை மேசைமேல் வைத்தார். அந்தக் கையுறை எப்போதும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். வெண்டலும் தன் கையுறையைப் போட்டுக்கொண்டான். அட்டை உறையைத் தொட்டுப் பார்த்தான். பெட்டியின் ஓரத்து வரிசை எண்ணையும் துப்பாக்கியின் எண்ணையும் ஒத்துப் பார்த்தான். சின்னப் புத்தகத்தைப் புரட்டினான்.

"எல்லாம் இருக்கு பெரியவரே. சீட்டுகூட நூலோட இருக்கு. இப்படிப் பாதுகாத்து நான் பாத்ததில்ல."

டெல்மர் நிமிர்ந்து கூட்டாளிகள் இருந்த திக்கைப் பார்த்தார். லவோன் கைப்பையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லு தம்பி. மொத்தத்த சொல்லு."

"உள்ள இன்னும் பாக்கல. சுடாததுன்னே வெச்சுக்கிட்டாலும், தொள்ளாயிரம்."

"தொள்ளாயிரம் என்ன?"

"டாலர்தான் பெரியவரே."

கூட்டாளி ஒருவர் கெக்கலித்தார். டெல்மரின் வாய் திறந்தபடி நின்றது.

"இத அறுபதாயிரம் செஞ்சாங்க" என்றான் வெண்டல், பல்லைப் பிடுங்கும் டாக்டர் மாதிரி நிதானமாக. "வாங்குன அத்தன பேரும் உங்கள மாதிரிதான். எவனும் சுடல, எவனும் பெட்டியக் கிழிக்கல. நாப்பது வருஷமா ஆளுக்கொரு அலமாரியில புதுசாவே தூங்குது. ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கிறத யார் காசு குடுத்து வாங்குவா? நாலு பேராவது சுட்டுத் தொலச்சிருந்தா மிச்சத்துக்கு மதிப்பு வந்திருக்கும்."

"நாலரை மணி நேரம்" என்று டார்லா மெதுவாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை. லவோன் மட்டும் கேட்டாள்.

டெல்மர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். லவோன் அவர் முகத்தையே பார்த்தாள். இடியத் தொடங்கியிருந்தது, ஆனால் இடித்தது அவள் கை இல்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை. "உள்ளயும் பாத்துருங்க தம்பி" என்றாள். அன்று அந்த மேசையில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வெண்டல் லீவரைத் தள்ளித் திறந்து டார்ச்சை அடித்தான். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டான். நேரம் போயிற்று. பிறகு நிமிர்ந்து கையுறையைச் சரிசெய்துகொண்டான்.

"யார் சுட்டது இத?"

"என்ன சொன்ன?"

"தோட்டா திணிக்கிற மடல்ல பித்தளை இழுத்த கோடு இருக்கு. தோட்டாவோட முதுகு வந்து முட்டுற முகத்துல வட்டமா அரிச்சிருக்கு. கம்பெனியிலயும் ஒண்ணு சுட்டுப் பாப்பாங்கதான், ஆனா அவங்க ஒழுங்காத் துடைச்சு அனுப்புவாங்க. இத யாரோ துடைக்கத் தெரியாதவங்க துடைச்சிருக்காங்க. குழலத் துடைச்சுட்டு இந்த இடத்த விட்டுட்டாங்க. ஒரு குண்டோ ரெண்டு குண்டோ, அதுக்கு மேல இல்ல. ஆனா சுட்டதுதான். அறுநூறு."

வந்துவிட்டது அந்த நொடி. லவோனின் விரல் பைக்குள் கூட்டைத் தொட்டது. முப்பத்தெட்டு வருடம் அவள் ஒத்திகை பார்த்ததெல்லாம் இதற்குத்தான்: அவர் திகைத்து நிற்பார், அவள் கூட்டை எடுத்து மேசைமேல் டொக்கென்று வைப்பாள், 'நான்தான்' என்பாள்.

ஆனால் டெல்மரின் முகம் இடியவில்லை. ஒன்றும் புரியாமல் ஒரு கணம் வெறித்தது. பிறகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. கண் மட்டுமே பழுது. முகத்தில் சந்தோஷம் வந்தால் தெரியாமல் போகாது.

"டார்லா" என்றார். "நீதானே?"

டார்லா கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாள்.

"அன்னிக்கே சொன்னேனா இல்லையா? தொட்டேன்னு ஒத்துக்கிட்ட. சுட்டத மறச்சிட்ட, கள்ளி." கூட்டாளிகள் பக்கம் திரும்பினார். "கேளுங்கப்பா. இவ குதிர ஒண்ணு செத்துச்சு. அந்தக் கடுப்புல பண்ணியிருக்கா. எம் மேல தப்பே இல்ல. புள்ள வளர்க்கத் தெரியாதவன்னு பேசுனீங்கல்ல எல்லாரும்? விரல உடைச்சது தப்புன்னு பாதிரியார்கூடச் சொன்னார். இப்ப என்ன சொல்றீங்க?"

பத்தாயிரம் போனது போனதுதான். அதற்குப் பதிலாக அவருக்கு வேறொன்று கிடைத்துவிட்டது: அவர் செய்தது நியாயம். லவோன் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருட ஒத்திகையில் டார்லாவுக்கு அவள் வசனமே வைக்கவில்லை.

இப்போது கூட்டை வைத்தால், அன்று தொட்டியருகில் நின்றவள் யார் என்று டார்லாவுக்குத் தெரிந்துவிடும். வைக்காவிட்டால் டார்லா நாலு பேர் நடுவில் கள்ளியாக நிற்பாள். லவோன் யோசித்தாள். நீண்ட நேரமொன்றும் இல்லை. கைப்பையின் வாயை மூடினாள்.

"நான் சுடல" என்றாள் டார்லா. குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான். "தொடவும் இல்ல. மூணாவது தடவ மூடி விழுந்தப்ப தொட்டேன்னு சொன்னேன். நீங்க கேட்டது அதத்தான."

"இன்னும் பொய் சொல்றா பாரு."

வெண்டலுக்கு இந்தக் குடும்பச் சண்டையில் நிற்கப் பிடிக்கவில்லை. ரைபிளைத் திருப்பி மாட்டுச் சித்திரத்துக்கு வெளிச்சம் காட்டியவன் அப்படியே நின்றான்.

"சண்டை வேண்டாம். சுட்டவங்க கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போயிருக்காங்க" என்றான். "இந்தத் துருக்கறை இருக்கே, கட்டைவிரல் ரேகை. எண்ணெய் போட்டுத் தேச்சிருக்கீங்க, மேலாப்புல மங்கிருச்சு. கண்ணாடியில பாத்தா ரேகை அப்படியே இருக்கு. நடுவுல குறுக்கால ஒரு வெட்டு. ஆழமான தழும்பு விரல்ல இருந்தாத்தான் இப்படி விழும்."

"குடு, நான் பாக்கறேன்" என்று டெல்மர் கண்ணாடியைப் பிடுங்கினார். அவருக்குத் தெரிந்தது நடுவில் ஒரு சாம்பல் நிறப் புகைதான். "டார்லா, உன் கட்டைவிரலக் காட்டு. இவர் பாக்கட்டும்."

டார்லா இரண்டு கட்டைவிரலையும் வெண்டல் முன்னால் நீட்டினாள். கோணல் சுண்டுவிரலும் கூடவே நீண்டது. வெண்டல் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"இவங்க இல்ல" என்றான். "தழும்பே கிடையாது."

டெல்மர் கையுறையைக் கழற்றித் தன் விரல்களை நீட்டினார். அவருடையதும் இல்லை.

டார்லா குனிந்து கண்ணாடி வழியாக அந்தக் கறையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கத் தேவைப்படவில்லை. பிள்ளையாக இருந்தபோது வாரத்துக்கு ஒரு தடவை அந்த ரேகையைத் தின்று வளர்ந்தவள் அவள். லவோன் ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடும் பை பலகாரம் செய்யும்போது மாவின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டுவாள். ஒவ்வொரு அழுத்தலிலும் குறுக்கே ஒரு கோடு விழும். 1973இல் பீச் பழம் ஊறவைத்த ஜாடி உடைந்து வெட்டிய வெட்டு.

"அம்மா" என்றாள். "கையக் காட்டு."

லவோன் விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். டார்லா அந்த முஷ்டியைப் பிடித்து, அவசரப்படாமல், ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். கட்டைவிரலில் அந்த வெள்ளைத் தழும்பு. அதன் பக்கத்தில் தன் கோணல் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீ உருளைக்கிழங்கு சீவிட்டிருந்த."

"ஆமா."

"நான் கத்துனது கேட்டுச்சு."

"கேட்டுச்சு."

"முழுசாச் சீவி முடிச்சியா?"

லவோன் பையைத் திறந்து கூட்டை எடுத்தாள். அது கை நழுவி மேசைமேல் உருண்டு ரைபிளின் மேல் முட்டி நின்றது. அவள் நினைத்திருந்த டொக்கென்ற சத்தம்கூட வரவில்லை.

"உனக்காகத்தான்டி சுட்டேன்" என்றாள். "ஜிஞ்சருக்காகச் சுட்டேன். நீ பனியில உக்காந்திருந்தத என்னால மறக்க முடியல. அந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது வலிக்கணும்னுதான். உன்மேல சத்தியமா."

டார்லா கூட்டை எடுத்துப் பார்த்தாள். ஊசி குத்திய சின்னக் குழியைத் தடவினாள்.

"எப்ப சுட்ட?"

"அது செத்து மூணு வாரம் கழிச்சு. நீங்க ரெண்டு பேரும் வீட்ல இல்லாதப்ப."

"மூணு வாரம்." கூட்டை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். "துப்பாக்கி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். தோட்டா உன் இழுப்பறையிலதான் இருந்துச்சு. சுடவும் உனக்குத் தெரியும்னு இன்னிக்குத் தெரிஞ்சுகிட்டேன். அன்னிக்குச் சுட்டிருந்தா ஜிஞ்சருக்காகன்னு சொல்லலாம்மா."

வெண்டலிடம் விலை பார்த்ததற்குக் கூலி எவ்வளவென்று கேட்டுக் கொடுத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு, குழம்பு வரிசையைச் சுற்றிக்கொண்டு, கூடத்தை விட்டு வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக அவளுடைய சாம்பல் நிறக் கார் பின்வாங்கித் திரும்பி நெடுஞ்சாலைப் பக்கம் போவது லவோனுக்குத் தெரிந்தது. வீடு தொண்ணூறு மைல். ஓட்டத் தெரிந்தவள் போய்விட்டாள்.

கூட்டாளிகள் மூன்று பேரும் திடீரென்று குழம்பு குடிக்க ஆசைப்பட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். வெண்டல் அடுத்த ஆளின் பெட்டியைத் திறக்கத் தொடங்கினான்.

லவோன் இப்போதாவது பார்க்கலாம் என்று கணவனின் முகத்தைப் பார்த்தாள். உண்மை தெரிந்துவிட்டது; பணம் போயிற்று; அவர் உடைத்தது குற்றமில்லாத விரல். இடிந்து போக இதற்குமேல் என்ன வேண்டும்.

டெல்மர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பழுதான கண்ணின் ஓரத்தால், தலையை ஒரு பக்கம் சாய்த்து. நாற்பது வருடம் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் வரும் அதே பார்வை. ஐம்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவள்மேல் அது விழுவது இதுவே முதல் தடவை.

"முப்பத்தெட்டு வருஷம்" என்றார். "ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. பெத்த புள்ள விரல் போனப்பக்கூட வாயத் திறக்கல. நான்கூட ரெண்டு தடவ விக்கலாமான்னு சபலப்பட்டிருக்கேன். நீ அசையவே இல்ல. எனக்கு மேல காவல் காத்திருக்க, இவளே."

"நான் உங்கள மாதிரி இல்ல" என்றாள் லவோன்.

டெல்மர் குனிந்து அட்டை உறையைத் தடவித் தேடி எடுத்தார். நூல் சீட்டை மடிப்புக் கலையாமல் உள்ளே வைத்தார். பிறகு தான் கழற்றி வைத்த வெள்ளைக் கையுறையை மேசையின் குறுக்கே அவள் பக்கம் தள்ளினார்.

"எனக்குக் கண்ணு தெரியல. நீயே எடுத்துப் பெட்டியில வை" என்றார். "இதப் போட்டுக்கோ. வெறுங்கையில தொட்டா கறை படியும்."

லவோன் கூட்டைப் பைக்குள் போட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டாள்.